கொட்டும் என்று எழுதியிருந்தது

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது. அதுதான் நான் முதலாளியம்மாவுக்குத் தர வேண்டிய கடன். என்னுடைய ஐந்து மாதக் கூலி. வட்டிக்கு வாங்கிய பணமில்லை, குடித்துத் தீர்த்த பணமுமில்லை. ஒரே ஒரு சொல்லைப் படித்ததற்கு ஆன செலவு.

நான் வேலை பார்ப்பது அலங்கார மீன் கடையில். முன்பக்கம் நல்ல தண்ணீர் மீன்கள், பின்பக்கம் கடல் மீன்கள். தண்ணீர் சுமப்பது, உப்பு கலப்பது, கண்ணாடி தேய்ப்பது, வடிகட்டிப் பஞ்சு பிழிவது, செத்ததை எடுத்துப் போடுவது எல்லாம் என் பாடு. மீனைப் பொறுக்கி எடுத்து விற்பது மாஸ்டரின் வேலை. அவர் பத்து மணிக்கு வருவார். நான் ஆறு மணிக்கே வந்துவிடுவேன்.

நாற்பத்தொன்பதாவது வயதில்தான் எழுத்துப் படிக்கப் போனேன். தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் சாயங்கால வகுப்பு. வாத்தியார் பழைய காலத்து மனுஷர். வந்திருப்பவர்கள் எல்லாம் நரைத்த தலைகள் என்பதால் மரியாதை கொடுத்து, 'வாரும், உட்காரும், எழுதும்' என்றுதான் பேசுவார். பலகையிலும் அப்படியே எழுதிப் போடுவார். 'வாசியும்' என்றிருந்தால் நாங்கள் வாசிக்க வேண்டும். 'எழுதும்' என்றிருந்தால் எழுத வேண்டும். எட்டு மாதத்தில் கடைப் பலகைகளை நின்று நின்று படிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். அதற்குள் பஸ் போய்விடும், அது வேறு விஷயம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். கடல் மீன் பகுதியில் இருந்த பெரிய தொட்டிக்குக் கீழே, மூடி போட்ட வாளி ஒன்று. மூடியின் மேல் ஒரு காகிதம். அதில் மாஸ்டர் கையெழுத்தில் ஒரே சொல்.

கொ. ட். டு. ம். எழுத்துக் கூட்டினேன். கொட்டும்.

எனக்கு ஒருவர் எழுதி வைத்து வேலை சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் 'கொட்டு' என்றில்லை, 'கொட்டும்' என்று மரியாதையாக. மாஸ்டருக்கு நான் வகுப்புக்குப் போவது தெரிந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பூரிப்பு. மூடியைத் திறந்து, வாளியை அலாக்காகத் தூக்கிப் பெரிய தொட்டியில் கொட்டினேன். சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஒரு மீன், துடுப்பையெல்லாம் விசிறி போல விரித்துக்கொண்டு இறங்கியது. நின்று ரசித்துவிட்டு விளக்கை அணைத்து வீட்டுக்குப் போனேன்.

"மாஸ்டர் எனக்கு லெட்டர் எழுதி வச்சிருந்தாரு தெரியுமா?" என்று மனைவியிடம் பெருமையடித்தது தனிக் கதை.

அது சிங்கமீன், அன்றுதான் கடைக்கு வந்திருந்தது. முதுகு முள்ளில் விஷம். தேள் கொட்டும், குளவி கொட்டும் என்கிறோமே, மாஸ்டர் எழுதியது அந்தக் கொட்டும். போதாததற்கு, வாயில் அடங்குவது எதுவானாலும் விழுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பெரிய தொட்டியில் ஏழு மீனும் நான்கு இறாலும் காணோம். சிங்கமீன் மட்டும் வயிறு தள்ளிப்போய், விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி மூலையில் சாய்ந்திருந்தது.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பெருசு! பார்த்துத் தொடுங்கன்னு எச்சரிக்கைக்கு எழுதி வச்சேன்யா!"

"கொட்டும்னுதானே இருந்துச்சு, மாஸ்டர்?"

"ஆமா! கொட்டும்னா கொட்டும்!"

"அதான் கொட்டிட்டேன்."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் கடன் புத்தகத்தைத் திறந்துவிட்டால் அவர் சிரிக்க மாட்டார்.

"அண்ணே, உங்களை வேலையை விட்டு அனுப்பல. வாரக் கூலியில முந்நூறு பிடிச்சுக்கறேன். ஆனா ஒண்ணு. கடன் தீர்ற வரைக்கும் மீன் மேல உங்க கை படக் கூடாது. தண்ணி, கண்ணாடி, அதோட நிறுத்திக்கங்க."

அன்றிலிருந்து கடையில் என் பெயர் கொட்டும். 'ஏ கொட்டும், ரெண்டு குடம் தண்ணி!' 'கொட்டும் வந்தாச்சா?' மீனுக்குத் தீனி கொண்டுவருகிற வண்டிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

வீட்டில் வேறு மாதிரி. "நல்ல வேளை, ஒரு சொல்லோட நிறுத்துனீங்க" என்றாள் மனைவி. "ஒரு பக்கம் படிச்சிருந்தா என் தோடு போயிருக்கும்." இனி வகுப்புக்குப் போகப் போவதில்லை என்று நான் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெப்படி? இவ்வளவு பணம் கட்டிப் படிச்ச படிப்பைப் பாதியில விடுவீங்களா?" என்று கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கையில் திணித்தாள்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும். முதலாளியம்மா கை படக் கூடாது என்றாரே தவிர, கண் படக் கூடாது என்று சொல்லவில்லை. காலை ஆறிலிருந்து பத்துவரை கடையில் நானும் மீன்களும் மட்டும்தான். கண்ணாடி தேய்க்கிறவனுக்கு முகம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். யார் யாரைத் துரத்துகிறார்கள், யார் யார் பங்கைப் பிடுங்கித் தின்கிறார்கள், யார் பாறைக்குப் பின்னால் பட்டினி கிடக்கிறார்கள் என்று எல்லாம் தெரியும்.

பார்க்கப் பார்க்க, நாங்கள் குடியிருக்கிற இடம் மாதிரியே இருந்தது. எட்டு வீடு ஒட்டின வரிசை, எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். முதலில் குடிவந்தவர் குழாயைத் தன் சொத்து என்பார். சாதுவான குடும்பத்துக்குக் கடைசிச் சொட்டுதான் கிடைக்கும். ரவுடியை முதலில் குடிவைத்தால் அப்புறம் வருகிறவர்கள் யாரும் நிலைக்க மாட்டார்கள். மீனும் அப்படித்தான்.

'கிளாத்தி: நண்டைக் கடிக்கும், இறாலைத் தின்னும். தனிக் குடித்தனம்தான் சரி.' இப்படி எழுதிவைத்தேன். 'பேத்தை: முகம் குழந்தை முகம். நத்தையை ஓட்டோடு நொறுக்கும்.' 'நீலப் பொடி மீன்: ஆள் விரல் நீளம், ஆட்டம் வீடு கொள்ளாது.' 'உளுவையும் சொடுக்கு இறாலும்: ஒரே பொந்து. இறாலுக்குக் கண் மங்கல், அது தோண்டும். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை எப்போதும் உளுவையின் மேல் பட்டுக்கொண்டிருக்கும். ஆபத்து என்றால் உளுவை வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே போய்விடும்.'

மனைவி அதைப் படித்துவிட்டு, "நம்ம வீட்ல தோண்டுறது யாரு, வாலாட்டுறது யாரு?" என்றாள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தேன். சிங்கமீன் பக்கத்தில் 'கொட்டும்' என்று எழுதவில்லை. 'முள் குத்தும். விஷம். மற்ற மீனோடு விடாதே' என்று எழுதினேன்.

இருபது வாரம் பிடித்தம் போய், கடன் முப்பத்தையாயிரத்து அறுநூற்று ஐம்பதில் நின்றபோது பல் டாக்டர் கடைக்குள் கோபமாக நுழைந்தார்.

அவருடைய ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நானூறு லிட்டர் தொட்டி. எங்கள் கடை வைத்துக் கொடுத்ததுதான். மாஸ்டர் இரண்டு தடவை மீன் விட்டார். இரண்டு தடவையும் ஆறே வாரத்தில் துடைத்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"என்கிட்ட வர்றவங்க ஏற்கெனவே நடுங்கிக்கிட்டு வர்றாங்க" என்றார் டாக்டர். "அங்க வந்து உட்கார்ந்தா, கண்ணு முன்னாடி ஒரு மீன் இன்னொண்ணைக் கடிச்சுக் குதறுது. போன வாரம் ஒருத்தர் பல்லைக் காட்டாமலே எழுந்து போயிட்டார்."

"கடல் மீன்னா அப்படித்தான் சார். பத்துல நாலு போகும்" என்றார் மாஸ்டர்.

"பத்துல பத்தும் போச்சே! தொட்டியை நீங்களே எடுத்துக்கங்க. பணத்தைக் கொடுங்க."

முதலாளியம்மாவின் முகம் சுண்டிப்போனது. அந்தத் தொட்டிதான் கடை அந்த வருஷம் செய்த பெரிய வியாபாரம். நான் பஞ்சு பிழிந்துகொண்டிருந்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"போகாது" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எது போகாது?" என்றார் முதலாளியம்மா.

"பார்த்துக் குடிவச்சா ஒரு உயிர்கூடப் போகாதும்மா."

"கொட்டும் பேசுதுடா!" என்று மாஸ்டர் சிரித்தார்.

"கொட்டுமா? இதென்ன பேரு?" என்று டாக்டர் கேட்க, மாஸ்டர் கதையை அவிழ்த்துவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார். "மீன் படிப்புக்கு இவ்வளவு செலவு பண்ணின ஆள் வேற யாரும் இந்தக் கடையில இல்லை. இவர் சொல்றதையும் கேட்போமே."

நோட்டை எடுத்து நீட்டினேன். கை ஈரத்தில் முதல் பக்கம் கலங்கிவிட்டது. முதலாளியம்மா நின்றபடியே நாலைந்து பக்கம் புரட்டினார். மாஸ்டரை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"சரி, அண்ணே. கடைசி உயிரைத் தொட்டியில விட்ட நாள்லேருந்து தொண்ணூறு நாள். ஒண்ணுகூடச் சாகாம இருந்தா உங்க கடனை ரத்து பண்றேன். ஒண்ணு செத்தாலும் டாக்டர் பணம் மொத்தத்தையும் உங்க கணக்குல எழுதுவேன். அதுவரைக்கும் பிடித்தம் கிடையாது. சம்மதமா?"

டாக்டர் பணம் என்பது என் கடனைப் போல மூன்று பங்கு. அடைப்பதற்குள் நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

"உயிர்னா மீன் மட்டுமா, நத்தையும் சேர்த்தியா?" என்று கேட்டேன். ஒரு சொல்லை நம்பிக் கெட்டவன் இரண்டாவது தடவை விசாரிக்காமல் இருப்பானா?

"நத்தையும்தான்."

"சம்மதம்."

டாக்டரை அழைத்துக்கொண்டு தொட்டி தொட்டியாக நடந்தேன். என் பின்னால் ஒருவர் மீன் வாங்க நடப்பது புதிதாக இருந்தது. அவருடைய கை நேராகச் சிங்கமீனிடம் போனது.

"இது நல்லா இருக்கே!"

"இதுதான் சார் என்னோட நாற்பத்தோராயிரம்."

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அடுத்து, நீலமும் ஆரஞ்சும் குழைத்துப் பூசினது போல இருக்கும் மாண்டரின் மீனிடம் நின்றார்.

"வேண்டாம் சார். பாறையில ஊர்ற பொடிப் பூச்சிதான் அதுக்குச் சாப்பாடு. பழைய தொட்டியில அது நிறைய இருக்கும். புதுசுல என்ன இருக்கும்? அழகா இருந்துக்கிட்டே பட்டினியில செத்துடும். ஒரு வருஷம் கழிச்சு நானே கொண்டுவந்து விடுறேன்."

"கோமாளி மீனாவது கிடைக்குமா?"

"தாராளமா. ஒரு ஜோடி."

"அதுங்க படுத்துக்கற கடல் சாமந்தி?"

"அதுவும் புதுத் தண்ணி தாங்காது. அது இல்லாமலே கோமாளி நல்லா இருக்கும்."

"என்னய்யா இது, விக்கிறதை எல்லாம் வேணாம் வேணாம்னு சொல்றாரு!" என்று மாஸ்டர் முதலாளியம்மாவிடம் முறையிட்டார். அவரோ எங்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

பதினான்கு உயிரைப் பொறுக்கினேன். ஐந்து நத்தை, மூன்று துறவி நண்டு, ஓர் உளுவை, அதற்கு ஒரு சொடுக்கு இறால், கோமாளி ஜோடி, மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் சிவப்பு இறால் ஒன்று, கடைசியாகக் கையகல மஞ்சள் மீன் ஒன்று. கூடவே பத்துக் காலிச் சங்கு கேட்டேன்.

"செத்த சங்கு எதுக்கு?" என்றார் டாக்டர்.

"துறவி நண்டு வளர வளர வீடு மாத்தும் சார். காலி வீடு இல்லேன்னா நத்தையைக் கொன்னுட்டு அது வீட்டுல குடியேறிடும். பேருதான் துறவி."

அப்புறம் பொறுமைக்கு வந்த சோதனை. தொட்டியைக் கழுவி, பாறை அடுக்கி, உப்புத் தண்ணீர் நிரப்பி, ஐந்து வாரம் ஒரு மீனும் விடவில்லை. தண்ணீர் பக்குவப்பட வேண்டும். டாக்டர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை போன் செய்தார். "நோயாளிங்க எல்லாம் கல்லைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இன்னைக்கு விடலாமா?" "இல்ல சார்." "நாளைக்கு?" "இல்ல சார்." மருந்துச் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைக் குழாயில் நிறம் சரியாக வந்த அன்றுதான் நத்தைகளையும் நண்டுகளையும் விட்டேன். பத்து நாள் கழித்து உளுவையும் அதன் கூட்டாளியும். உளுவை துள்ளுகிற சாதி என்பதால் மேலே கண்ணிவலை மூடி. அதற்கப்புறம் கோமாளிகள், சிவப்பு இறால். மஞ்சள் மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து, நோய் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு எல்லாருக்கும் கடைசியாக விட்டேன். நல்ல மீன்தான், ஆனால் கொஞ்சம் அதிகாரம். கடைசியில் வருகிறவனுக்கு அதிகாரம் செய்ய இடம் கிடைக்காது. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது, எல்லா மூலையிலும் ஆள் இருந்தது. கௌரவமாக நடுவில் நீந்த ஆரம்பித்தது.

மீனைத் தொட விட்டுவிட்டார் முதலாளியம்மா என்பது எனக்கு அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

வாராவாரம் வியாழக்கிழமை போய்த் தண்ணீர் மாற்றினேன். பதினான்கையும் எண்ணாமல் திரும்பியதில்லை. பயந்து வருகிற நோயாளிகள் உளுவை வாலாட்டுவதைப் பார்த்துவிட்டுப் பேரைக் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை என்று டாக்டர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறையைக் கேட்க எனக்கு இனிப்பாக இருந்தது.

தொண்ணூறாவது நாள் காலை. முதலாளியம்மா, மாஸ்டர், நான், மூன்று பேரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இறால் செத்துப்போச்சு" என்றார்.

தொட்டிக்கு ஓடினேன். மணலில், முன்கண்ணாடியை ஒட்டினாற்போல, சிவப்பு இறால் பக்கவாட்டில் கிடந்தது. கால், மீசை, வால் எல்லாம் அப்படியே. அசைவில்லை.

"எண்பத்தொன்பது நாள் தாக்குப்பிடிச்சிருக்கு" என்றார் மாஸ்டர். குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. முதலாளியம்மா கைப்பையைத் திறந்தார். கடன் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார்.

 ஆனால் என் கண் பழக்கப்பட்ட கண். அந்த இறாலின் சிவப்பு வெளுத்திருந்தது. அதன் ஊடே மணல் தெரிந்தது.

சட்டைக் கையைச் சுருட்டி, தொட்டிக்குள் விட்டு, அதை எடுத்தேன். எடையே இல்லை. முதுகில் ஒரு கீறல், உள்ளே காற்று. மோந்து பார்த்தேன். செத்ததை எடுத்துப் போட்டுப் பழகிய மூக்குக்கு ஒரு வாடையும் எட்டவில்லை.

"அம்மா, கொஞ்சம் புத்தகத்தை மூடுங்க" என்றேன். "இது இறால் இல்லை. இறாலோட சட்டை."

"என்ன சட்டை?"

"பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இதுவும் உரிக்கும். பழசைக் கழற்றிப் போட்டுட்டுப் பெரிசா வளரும்."

"நான் ரெண்டு வருஷமா கடையில இருக்கேன், ஒரு சட்டையையும் பார்த்ததில்லையே" என்றார் மாஸ்டர்.

"நீங்க பத்து மணிக்கு வர்றீங்க, மாஸ்டர். ஆறு மணிக்கு வந்து பொறுக்கிப் போடுறது நான்."

டாக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப இறால் எங்கே?"

"புதுச் சட்டை இன்னும் கெட்டியாகியிருக்காது. உடம்பு மெத்துன்னு இருக்கும். பயத்துல பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும்." எட்டிப் பார்த்தேன். பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. இருட்டு. பாறையை நகர்த்தினால் உளுவையின் பொந்து இடிந்துவிடும். என் பிழைப்பு மொத்தமும் அந்த நாலு விரல் இருட்டுக்குள் இருந்தது.

"நகருங்க" என்றார் டாக்டர். உள்ளே போய்விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியோடு வந்தார். கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற கண்ணாடி.

"மருந்து பட்டதா சார்?"

"புதுசு. உறை பிரிக்கலை."

"இருந்தாலும் நல்ல தண்ணியில அலசிடுங்க."

அலசினார். வலை மூடியை விலக்கி, கையை நீட்டி, பாறைக்குப் பின்னால் விட்டார். காத்திருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு பெரியவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலை..." என்றார் டாக்டர். "இடது பக்கம் பாறை... கீழே... இருங்க, இருங்க. வெள்ளையா ஏதோ. நூல் மாதிரி. ஆடுது."

"ரெண்டு நூலா சார்?"

"ரெண்டு. இல்லை, நாலஞ்சு இருக்கு. அடேயப்பா, மீசை! மீசை தெரியுது! முதுகுல வெள்ளைக் கோடு! பளபளன்னு நிக்கிறான்யா!"

அறை முழுக்கக் கை தட்டியது. வீங்கின கன்னக்காரரும் தட்டினார், அப்புறம் வலியில் 'ஆ' என்றார். மாஸ்டரும் அந்தக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதை முதலாளியம்மாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேருந்து நானும் ஆறு மணிக்கு வரட்டுமா, அண்ணே?"

பெருசு இல்லை, கொட்டும் இல்லை. அண்ணே.  "வாங்க. பஞ்சு பிழிய ஆள் தேவைதான்" என்றேன்.

மிச்சம் பதின்மூன்றையும் முதலாளியம்மா விரல் விட்டு எண்ணினார். ஐந்தாவது நத்தை வடிகட்டிக்குப் பின்னால் இருந்தது, அதையும் விடவில்லை. எண்ணி முடித்ததும் சோபாவில் உட்கார்ந்து, புத்தகத்தில் என் பக்கத்தைத் திறந்து, குறுக்கே ஒரு கோடு இழுத்து, அடியில் ஒரு சொல் எழுதி என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே படிச்சுக்கங்க."

எழுத்துக் கூட்டவே வேண்டியிருக்கவில்லை. ஒரே பார்வையில் படித்தேன். தீர்ந்தது. படித்த மறு நொடி ஒரு சந்தேகம்.

"தீர்ந்ததுன்னா... எதும்மா? கடனா, என் வேலையா?"

முதலாளியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு உதட்டைக் கடித்து அடக்கினாரே, அந்தச் சிரிப்பு வட்டியோடு வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை மறுபடி எடுத்து, அந்தச் சொல்லுக்கு முன்னால் 'கடன்' என்று சேர்த்தார். கீழே இன்னொரு வரி எழுதினார்: 'இனிமேல் கடல் மீன் தேர்வு இவர் பொறுப்பு. கூலி உயர்வு உண்டு.'

"இப்பச் சரியா, அண்ணே?"

இரண்டு வரியையும் விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன்.

"சரிம்மா. இப்ப ஒரே அர்த்தம்தான் இருக்கு."